இனிப்பு நீர் இருந்தால் ஒவ்வாமைத் தும்மலுக்கு மாத்திரையா, மூக்கு ஸ்ப்ரேயா?

நான் ஸ்ப்ரே பக்கம் போய்விட்டவன், அதனால் இதில் ஸ்ப்ரேவுக்குத்தான் இடம் கூடுதலாக இருக்கும். எனக்கு இரண்டாம் வகை இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அதற்கு எடுப்பது மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்.

மகரந்தம் பறக்கும் சில வாரங்களுக்கு மட்டும் மருந்து எடுத்தால் போதும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவது நமக்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் பெரும்பாலும் மூக்கைப் படுத்துவது மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசிப்பூச்சி, அதற்கு நம் ஊர் ஈரக்காற்று வருஷம் முழுக்கக் கொண்டாட்டம். புகைமூட்டம் வந்தால் (2013 ஜூனில் காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ எண் 401 வரை போனதே) இன்னும் மோசம். ஆக, மாதக்கணக்கில் எடுத்தாலும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தொடாத மருந்து எது என்பதுதான் கேள்வி.

மாத்திரையில் லோரடடின், செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் மூன்றும் சர்க்கரையைப் பெரிதாக அசைப்பதில்லை. ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே, தும்மலும் அரிப்பும் அடங்கிவிடும். ஆனால் மூக்கடைப்புக்கு அவ்வளவு கேட்பதில்லை. செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், அதோடு சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், நம்மில் பலருக்கு அந்தப் பிரச்சினையும் கூடவே வருகிறதே. ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் சரியாக உடம்பில் ஏறாது. நமக்குப் பழச்சாறே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

பழைய குளோர்ஃபெனிரமின் மாத்திரையைத் தள்ளிவையுங்கள். சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் தடுமாற்றம் மாத்திரைத் தூக்கத்தில் தெரியாமல் போய்விடலாம். பெயரோடு ‘டி’ ஒட்டிய மாத்திரைகளில் பெரும்பாலும் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது மூக்கைத் திறக்கும், ரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் ஏற்றும், நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள் என்று பெட்டியிலேயே போட்டிருப்பான். ஆக்ஸிமெடசோலின் சொட்டு மருந்து சில நாளைக்குச் சரி, அதற்கு மேல் போனால் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும்.

சரி, ஸ்ப்ரே. அதில் இருப்பது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றதும் நம் ஆட்கள் பதறுவார்கள், பதறுவதில் நியாயமும் உண்டு. பிரெட்னிசோலோன் மாத்திரை சர்க்கரையை நன்றாக ஏற்றிவிடும், அதிலும் மதியத்துக்கு மேல். ஒவ்வாமைக்கென்று போடும் ஸ்டீராய்டு ஊசியின் வேலை வாரக்கணக்கில் ஓடும், நடுவில் நிறுத்தவும் முடியாது. ஆனால் ஒரு மருந்தில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேவில் 2 சதவீதத்துக்கும் குறைவு, மோமெட்டசோனில் 1 சதவீதத்துக்கும் குறைவு. புடெசோனைடில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும், அதனால் நான் மோமெட்டசோன் கேட்டு வாங்கினேன். விரலில் குத்திப் பார்க்கும் எண்ணிலும் சரி, பாலிகிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி-யிலும் (இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சரி, எனக்கு மாற்றம் தெரியவில்லை. இது என் ஒரு உடம்பின் கதைதான். இன்சுலின் போடுகிறவர்கள் ஆரம்பித்த புதிதில் அடிக்கடி குத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்ப்ரேவின் தொல்லை என்னவென்றால் பொறுமை வேண்டும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை மாத்திரையும் சேர்த்து எடுக்கலாம். அடிக்கும் முறையும் முக்கியம்: தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் மூக்கில் ரத்தம் வரும், அப்புறம் மருந்தைக் குறை சொல்லி விட்டுவிடுவார்கள். உறிஞ்சி இழுக்கவும் கூடாது, இழுத்தால் தொண்டைக்குப் போய்விடும்.

கொதித்து ஆறிய நீரில் உப்புப் பொட்டலம் கலந்து மூக்கைக் கழுவுவதும் சேர்ந்தால் நல்லது. சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அது மட்டும் எனக்குப் போதவில்லை. தூசிப்பூச்சிக்கு எதிராக நாக்கடியில் வைக்கும் மாத்திரைச் சிகிச்சையும் உண்டு, வருஷக்கணக்கில் எடுக்க வேண்டும், நான் முயன்றதில்லை.

கண் நீரழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்கள் ஸ்ப்ரே தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், நீரிழிவுக்காக வருஷா வருஷம் கண் படம் எடுக்கப் போகும்போதும் மறக்காமல் சொல்லுங்கள்.