கதிர்வீச்சு பட்டதா என்று ரத்தத்திடம் கேட்டால்: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

என் சித்தப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களுக்கு ரேகை கிடையாது. தோல் மெழுகு தடவியதுபோல வழுவழுவென்று இருக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெற்குப் பகுதியில், எங்கள் மெரபேங்க் வீட்டுக்குப் பக்கத்திலேயே, குழாய் வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிப் படமெடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் உதவியாளாக இருந்தார். அந்தப் படமெடுக்கப் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் அரிசி மணி அளவுதான். கைப்பிடியைச் சுற்றினால் கவசப் பெட்டியிலிருந்து குழல் வழியாக வெளியே போகும், திருப்பிச் சுற்றினால் உள்ளே வரும். ஒரு ராத்திரி அது முழுதாக உள்ளே வரவில்லை. யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. சித்தப்பா குழலைக் கையால் சுருட்டி வைத்தார். மார்பில் குத்தியிருக்க வேண்டிய, பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்யும் பேட்ஜ், கழற்றிப் போட்ட ஜாக்கெட்டோடு பக்கி வண்டியில் (சிறு சரக்கு வண்டி) கிடந்தது. அந்த மாத அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் என்று வந்தது.

மூன்று வாரம் கழித்து விரல்கள் சிவந்து கொப்பளித்தன. ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. சட்டிச் சூடு பட்டிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மருத்துவமனையில் ஒரே ஒரு தடவை ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் பிறகு இதே ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு அவரிடம் எந்தச் சோதனை செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி இத்தனை வருடமாக என்னை விடவில்லை. ரத்தத்தைக் கொண்டு கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் முறைகள் பல இருக்கின்றன. எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பட்டு எத்தனை நேரமாயிற்று, உடம்பு முழுக்கப் பட்டதா ஒரு பக்கம் மட்டுமா, ஒருவரா ஆயிரம் பேரா என்று பார்த்தால் ஒவ்வொன்றின் இடமும் புரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சிடி ஸ்கேன் எடுத்தேன், ரத்தத்தில் பார்த்துச் சொல்லும்மா" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வயிற்று சிடி ஒன்றுக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஆண்டு வரம்பே சராசரி 20தான். வழக்கமான ரத்தச் சோதனைகளில் மிக நுணுக்கமானதுகூட சுமார் 100 மில்லிகிரேக்குக் கீழே ஒன்றும் நம்பகமாகச் சொல்லாது. (உடம்பு முழுக்கப் படும் காமா, எக்ஸ் கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றே; ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே.) அந்தச் சிறிய அளவுகளுக்கு பேட்ஜ்தான் சரி. ரத்தம் உதவுவது விபத்துக்கு, அதுவும் பேட்ஜ் இல்லாதபோது அல்லது பேட்ஜை நம்ப முடியாதபோது.

எல்லா ஊரிலும் கிடைப்பது லிம்போசைட் எண்ணிக்கை. வெள்ளணுக்களில் லிம்போசைட்தான் கதிர்வீச்சுக்கு மிக எளிதில் மடியும். பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 1,000 முதல் 4,000 வரை இருப்பது வழக்கம். 48 மணி நேரத்துக்குள் 500க்குக் கீழே சரிந்தால் ஆள் பெரிய ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். 1986 செர்னோபிலில் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியான 134 பேரைப் பிரித்துப் பார்த்துச் சிகிச்சை கொடுத்ததில் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. செலவு குறைவு, அரை மணியில் பதில். ஆனால் ஒரு தடவை எண்ணுவதில் பிரயோசனம் இல்லை. சில மணிக்கு ஒருமுறை எடுத்து, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். டர்பன் இருக்கும் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இது இன்னும் முக்கியம். ஹெச்ஐவி இங்கே பரவலாக இருப்பதால், 600 என்ற எண்ணைப் பார்த்ததும் கதிர்வீச்சு என்று முடிவு கட்ட முடியாது, அது அவருக்குப் பழைய எண்ணாகவே இருக்கலாம். அந்த இடத்தில் சரிவுதான் சாட்சி. சித்தப்பாவுக்கு மூன்றாவது வாரத்தில் எடுத்த ஒற்றை எண் எதற்கும் சாட்சி இல்லை.

இவற்றில் நான் அதிகம் நம்புவது டைசென்ட்ரிக் சோதனையை. 1960களிலிருந்து விபத்துகளில் பயன்பட்டு வருகிறது. ரத்தத்திலுள்ள லிம்போசைட்டுகளைத் தூண்டி, 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, கீம்சா சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டில் பரப்புவார்கள். அணுவுக்குள் டிஎன்ஏவைச் சுமக்கும் குரோமோசோம் நல்லதாக இருந்தால் அதற்கு ஓர் இடுப்புதான் (சென்ட்ரோமியர்) இருக்கும். கதிர் வெட்டிய இரண்டு குரோமோசோம்கள் தப்பாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்புள்ள ஒன்று உருவாகும், பக்கத்தில் இடுப்பே இல்லாத ஒரு துண்டு கிடக்கும். பயிற்சிக்காக நான் முதல்முதலாக அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஊதா நிறத்தில், பிடித்து முறுக்கிய நூல்போல இருந்தது. சாதாரண ஆளிடம் ஆயிரம் ரத்த அணுவுக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். ஒரே வீச்சில் 1 கிரே காமா கதிர் பட்டவரிடம் ஆயிரத்துக்குச் சுமார் 80 இருக்கும். 2 கிரே என்றால் அது மூன்று மடங்குக்கும் மேலே போகும். கதிர்வீச்சைத் தவிர வேறு எதுவும் அவ்வளவு எளிதாக இதை உண்டாக்காது என்பதுதான் இதன் பலம். வயது, புகை, சாதாரண நோய் எல்லாம் கணக்கை அதிகம் குழப்புவதில்லை.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து எடுத்துப்போன சீசியம்-137 கருவியை உடைத்தார்கள். அதில் நான்கு பேர் இறந்தார்கள், 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டுபிடிக்கப்பட்டது, பயந்துபோய்ச் சோதனைக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் யாரிடமும் பேட்ஜ் கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் அளவை டைசென்ட்ரிக் எண்ணித்தான் கணித்தார்கள். தெருவில் பழைய இரும்பு வாங்கும் தொழில் நடக்கிற எந்த ஊருக்கும் அது நேரலாம்.

குறை என்னவென்றால் வேகம். இரண்டு நாள் வளர்ப்பு, அதற்குமேல் எண்ணும் வேலை. ஒருவருக்கு 500 முதல் 1,000 அணு எண்ண ஒருவர் பல மணி நேரம் உட்கார வேண்டும். கூட்டம் அதிகமானால் ஆளுக்கு 50 அணு மட்டும் எண்ணி, 1 கிரேக்கு மேலே யார், கீழே யார் என்று தோராயமாகப் பிரிப்பார்கள். அப்புறம் குழாய் விஷயம். அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாய், டைசென்ட்ரிக்குக்கு லித்தியம் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய். ஊதாவில் வந்தால் அணு சரியாக வளராது. குளிரூட்டி உறைய வைக்கவும் கூடாது. விமானத்தில் அனுப்பினால் பெட்டியை எக்ஸ்ரேயில் விடாதீர்கள் என்று பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். டர்பனிலிருந்து இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடினால், நாம் நினைக்க வேண்டிய இடம் கேப்டவுன் பக்கம் ஐதெம்பா ஆய்வகம். நியூட்ரான், புரோட்டான் சிகிச்சை நடத்திய இடம். அங்குள்ள கதிர்வீச்சு உயிரியலாளர்கள் லிம்போசைட்டில் மைக்ரோநியூக்ளியஸ் பார்ப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள்.

அந்த மைக்ரோநியூக்ளியஸ்தான் டைசென்ட்ரிக்கின் நேரடிப் போட்டியாளர். அணு இரண்டாகப் பிரியும் முன் சைட்டோகலாசின்-பி என்ற வேதிப்பொருள் போட்டு நிறுத்தினால் இரண்டு உட்கரு உள்ள அணு கிடைக்கும். பின்தங்கிய குரோமோசோம் துண்டுகள் பக்கத்தில் சின்னப் பொட்டுபோலத் தெரியும். குரோமோசோம் படிக்கத் தெரியாதவரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், இயந்திரத்தாலும் எண்ணலாம். கூட்டத்துக்கு இது வசதி. ஆனால் வளர்ப்பு மூன்று நாள். வயது ஏற ஏற, அதுவும் பெண்களிடம், கதிர் படாமலே பொட்டுகள் கூடும். அதனால் 300 மில்லிகிரேக்குக் கீழே நான் இதை நம்ப மாட்டேன். ஆயிரம் பேரைப் பிரிக்க மைக்ரோநியூக்ளியஸ், ஒருவருக்காக நீதிமன்றத்திலோ நஷ்டஈட்டு விசாரணையிலோ நிற்க வேண்டுமென்றால் டைசென்ட்ரிக் என்பது என் தீர்மானம்.

வேகம் வேண்டும் என்பவர்கள் காமா-எச்2ஏஎக்ஸைச் சொல்வார்கள். டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்த இடத்தில் ஒரு புரதம் மாறி, சாயம் போட்டால் புள்ளியாக ஒளிரும். 1998இல் கண்டுபிடித்தார்கள். அரை மணியில் உச்சம், சில மணியில் பதில். மறுநாளைக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். சித்தப்பா மாதிரி மூன்று வாரம் கழித்து வருபவருக்கு இதில் ஒன்றும் மிஞ்சாது. எஃப்டிஎக்ஸ்ஆர் போன்ற மரபணுக்களின் வேலை கூடுவதை அளக்கும் முறையும் வேகமானதுதான், முதல் ஓரிரு நாளுக்கு நல்லது.

ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதம், அமினோ அமிலம் போன்றவற்றை நான் துணைச் சாட்சிகளாக மட்டும் வைப்பேன். எலும்பு மஜ்ஜை அடிபட்டால் எஃப்எல்டி3 லிகண்ட் என்ற புரதம் கூடும், குடல் அடிபட்டால் சிட்ருலின் என்ற அமினோ அமிலம் குறையும், உமிழ்நீர்ச் சுரப்பி அடிபட்டால் அமைலேஸ் ஏறும். எந்த உறுப்பு அடிபட்டது என்று தெரியும், எத்தனை கிரே என்று துல்லியமாகத் தெரியாது. மிகப் பெரிய அளவு பட்டவரின் அணுக்கள் பிரியாமலே மடிவதால் டைசென்ட்ரிக் அங்கே தடுமாறும். 1999 ஜப்பான் டொக்காய்முரா விபத்தில், குரோமோசோம்களை முன்கூட்டியே சுருங்கவைத்துப் பார்க்கும் வேறொரு முறை அதனால்தான் தேவைப்பட்டது.

சித்தப்பாவின் கணக்குக்கு வருகிறேன். டைசென்ட்ரிக் சுமந்த அணுக்கள் சட்டென்று மறைவதில்லை, சில வாரம் வரை நம்பி எண்ணலாம். விரல் கொப்பளித்த அன்றைக்கு ஒரே ஒரு பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்திருந்தால் உடம்பு வாங்கிய அளவு தெரிந்திருக்கும். விரலுக்கு மட்டும் பட்ட அளவை ரத்தம் சொல்லியிருக்காது, அதைப் புண்ணைப் பார்த்தும் அந்த ராத்திரியை அப்படியே நடத்திப் பார்த்தும்தான் கணிக்க வேண்டும். இருந்தாலும் பேட்ஜ் சொன்ன பூஜ்யம் தப்பு என்று காட்டக் கையில் ஓர் ஆதாரம் இருந்திருக்கும். அந்த ஆதாரம் இல்லாமல்தான் அவருடைய நஷ்டஈட்டு மனு திரும்பி வந்தது.

இப்போது மிச்சமிருப்பது ஃபிஷ் முறை ஒன்றுதான். குரோமோசோம்களுக்கு நிறம் பூசி, இடம் மாறி ஒட்டிய துண்டுகளைப் பார்ப்பது. அந்த மாற்றம் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் வயதும் புகையும் அதையே உண்டாக்கும். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சிகரெட்டை விட்டது போன வருடம்தான். சில நூறு மில்லிகிரே பட்டிருந்தால் அது அந்த இரைச்சலில் கரைந்து போயிருக்கும். சொன்னபோது, "விடும்மா, இனிமே எதுக்கு" என்றார்.

அவர் மகன், என் தம்பி, இன்றைக்கு அதே தொழிலில் இருக்கிறான். போன மாதம் அவன் ஃபோனில் நான் எழுதி வைத்துக் கொடுத்தேன்: "சந்தேகம் என்றால் உடனே ஊதா மூடி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். மறுநாள் பச்சை மூடி. எந்த நேரத்தில் பட்டது, எத்தனை நிமிடம், எந்தக் கை, எழுதி வை. பேட்ஜ் எங்கே இருந்தது என்றும் எழுது." படித்துவிட்டு, "அக்கா, இதை எங்க ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பட்டுமா?" என்று கேட்டான். அனுப்பச் சொன்னேன்.