கிரிப்டோ வாலட்டில் அப்ரூவ் அழுத்தும் முன் கழியும் தொகையைப் பாருங்கள், என்னிடம் 61 முறை எடுத்திருக்கிறார்கள்

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வெளிநாட்டு கிளையன்ட் ஒருவர் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை சோலானா என்ற கிரிப்டோ நெட்வொர்க்கின் சோல் காயினில் பணம் போடுவார், விலை ஏறி இறங்கும் என்பதால் வந்த உடனே டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிசி காயினாக மாற்றிவிடுவேன். மண்ணடியில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணன், "நீ ஏன் ஒவ்வொரு சைட்டா போற தம்பி, இதப் போடு, நல்ல ரேட்டா பார்த்து அதுவே ஸ்வாப் பண்ணிடும்" என்று பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தார். ஸ்வாப் என்றால் ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்குவது. அதில் பட்டனை அழுத்தினால் என் காயின்களை வைத்திருக்கும் வாலட் திறக்கும், அப்ரூவ் கொடுத்தால் முடிந்தது. நான்கு மாதம் இப்படித்தான் ஓடியது.

வருமான வரிக் கணக்கு போடும்போதுதான் தெரிந்தது. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரிட்டர்னில் கிரிப்டோ போன்ற டிஜிட்டல் சொத்துகளுக்கான ஷெட்யூல் விடிஏ என்ற பகுதியில் ஒவ்வொரு விற்பனையையும் தேதி, வாங்கிய விலை, விற்ற விலையோடு எழுத வேண்டும், ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனைதான். தங்கசாலையில் எங்கள் ஆடிட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒவ்வொரு வரியிலும் 0.03 இடிக்குதே, எங்க போகுது?" என்றார். ஃபீஸ் சார் என்றேன். வீட்டுக்கு வந்து, சோலானாவில் நடந்ததையெல்லாம் பார்க்க உதவும் சோல்ஸ்கேன் தளத்தில் ஒரு பழைய ஸ்வாப்பைத் திறந்தேன். ஸ்வாப்புக்குக் கீழே தனியாக ஒரு டிரான்ஸ்ஃபர், 0.03 சோல், எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு. அடுத்ததைத் திறந்தால் அதிலும் அதே முகவரி. மொத்தம் 61 ஸ்வாப், 1.83 சோல். என் ஒரு மாத வாடகைக்கு மேல்.

எப்படி நடந்தது என்றால், சோலானாவில் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் பல இன்ஸ்ட்ரக்‌ஷன்களை வைக்கலாம் (இதை மாற்று, அதை அனுப்பு என்பது போன்ற கட்டளைகள்), அப்ரூவ் அழுத்தும்போது நாம் போடும் ஒரே சைன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து, அத்தனைக்கும் சேர்த்துத்தான், நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. அந்த எக்ஸ்டென்ஷன் ஸ்வாப்பைத் தயார் செய்யும்போதே கடைசியில் தனக்கு ஒரு டிரான்ஸ்ஃபரைச் சேர்த்து என் வாலட்டிடம் கொடுத்திருக்கிறது. சைன் போட்ட பிறகு அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சைன் செல்லாது, அதனால் திருட்டுக்கான வேலை எல்லாமே நாம் அப்ரூவ் அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

என் வாலட் மறைக்கவில்லை. 2 சோல் மாற்றும்போது 2.03க்குக் கொஞ்சம் மேலே கழியும் என்றுதான் காட்டியது. நான் ஏன் கேள்வி கேட்கவில்லை என்றால், வாலட்டும் சைனுக்கு முன்னால் டிரான்ஸாக்‌ஷனில் கை வைக்கும் என்பது எனக்குத் தெரியும். நெட்வொர்க் நெரிசலாக இருந்தால் சீக்கிரம் போவதற்கு முன்னுரிமைக் கட்டணம் சேர்க்கும், சில வாலட்டுகள் காட்டிய தொகையை விட அதிகமாகப் போனால் டிரான்ஸாக்‌ஷனே நின்றுவிடும்படி காவலுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் சேர்க்கும், எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க்கில் கேஸ் எனப்படும் வேலை அளவையும் அதற்கான கட்டணத்தையும் பெரும்பாலும் வாலட்தான் நிரப்பும். இதெல்லாம் நம் நல்லதுக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சைட் கேட்டது இவ்வளவு, வாலட் சேர்த்தது இவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் ஒரே தொகையாகக் காட்டினால், நடுவில் மூன்றாவது ஆள் சேர்த்ததும் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. வாலட் கம்பெனிக்கு எழுதினேன், வந்ததை வந்தபடி காட்டினோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோலானாவில் ஒரு சைனுக்கு அடிப்படைக் கட்டணம் 0.000005 சோல். என்னிடம் போனது அதைப் போல 6,000 மடங்கு, அதை நான் ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆட்களுக்கும் இதுதான் நடக்கிறது, 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் சைன் போட்டவர்களுக்குத் திரையில் வழக்கமான டிரான்ஸாக்‌ஷன் தெரிந்தது, அவர்கள் உண்மையில் சைன் போட்டது வேறு. போனது சுமார் 150 கோடி டாலர்.

எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டேன். வாலட்டுக்கென்று தனி பிரவுசர் புரொஃபைல், அதில் வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் கிடையாது. அப்ரூவ் அழுத்தும் முன் விவரங்களைத் திறந்து எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன், எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்க்கிறேன், முப்பது செகண்ட் கூட ஆகாது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், போன காயினைத் திரும்ப இழுக்க வழியில்லை என்று தெரிந்தேதான் பதிந்தேன்.

அப்புறம் மண்ணடிக்குப் போய் அந்த அண்ணனிடம் காட்டினேன். கோபத்தோடுதான் போனேன். அவர் தன் லேப்டாப்பைத் திறந்தார், அவர் வாலட்டிலும் அதே முகவரிக்கு அதே 0.03, என்னைவிட அதிகத் தடவை. அவருக்கும் தெரியவில்லை. யார் யாருக்குப் போட்டுக் கொடுத்தார் என்று நினைவுபடுத்தி ஒவ்வொருவராக போன் செய்துகொண்டிருக்கிறார், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று பதினைந்து பேருக்கு மேல் இருக்கும் என்கிறார், பாதிப் பேர் நம்பர் அவரிடம் இல்லை. நீங்கள் இப்படி எங்காவது போட்டிருந்தால் உங்கள் பழைய ஸ்வாப் ஒன்றை சோல்ஸ்கேனில் திறந்து கடைசி வரியைப் பாருங்கள், அங்கே 0.03 இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், முகவரியை ஒப்பிட்டுப் பார்த்து என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.