ஓபிஎஸ் மென்பொருளுடன் ஏஐயை இணைத்துத் தருகிறேன் என்றவரிடம் ஏமாந்தேன்

நேரலையில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். ஒரு கையில் பேனா, மறு கையில் மவுஸ். காட்சியை மாற்ற மூன்றாவது கை இல்லையே என்று தவித்திருந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நான் நேரலைக்குப் பயன்படுத்தும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவை ஏஐ உதவியாளருடன் இணைத்துத் தருவார்களாம். ஒரு வரி எழுதினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளுமாம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினேன். முதல் தப்பு அது.

விளம்பரம் கொடுத்தவர் தொலைவிலிருந்தே என் கணினிக்குள் வந்தார், அரை மணி நேரத்தில் முடித்தார். "கரும்பலகைக் காட்சிக்குப் போ" என்று எழுதினேன், போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம், வகுப்பின் நடுவே இருமல் வந்தது. மைக்கை மட்டும் அடக்கும் என்று நினைத்து, "கொஞ்சம் நிறுத்து" என்று அவசரமாக எழுதினேன். அது நேரலையையே நிறுத்திவிட்டது. "நேரலை நிறுத்தப்பட்டது" என்ற அதன் பணிவான பதில், பாடப் பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த சாளரத்தில் கிடந்தது. ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பும் பதிவும் தனித்தனி. பதிவை நானே தனியாகத் தொடங்கியிருந்ததால் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பில் பதினொரு நிமிடம் யாருமில்லாத வகுப்புக்கு முக்கோணத்தின் பரப்பளவை விளக்குகிறேன். "புரிந்ததா?" என்று இரண்டு முறை வேறு கேட்கிறேன்.

என் சொல் தெளிவாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதவியாளரிடம் காட்சி மாற்ற, ஒளிபரப்பை நிறுத்த என்று தனித்தனிக் கருவிகள் உண்டு; ஒரு கருவியை இயக்கும் முன் அது அனுமதி கேட்க வேண்டும். அந்த வசதியை, எல்லாவற்றுக்கும் "எப்போதும் அனுமதி" என்று அவர் மாற்றிவைத்திருந்தார். கேட்டால், உங்கள் இணையம் சரியில்லை என்றார். அதன் பிறகுதான் நானே தோண்டிப் பார்த்தேன்.

2022இல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து, வேறு நிரல்கள் ஓபிஎஸ்ஸை இயக்க வழிவிடும் வெப்சாக்கெட் சர்வர் அதற்குள்ளேயே இருக்கிறது. கருவிகள் மெனுவில் இயக்கிக்கொள்ளலாம். இணைப்பு உள்ளே வரும் வாசலான போர்ட்டின் வழக்கமான எண் 4455. கடவுச்சொல்லையும் அதுவே உருவாக்கித் தருகிறது. அந்தக் கடவுச்சொல் சோதனையை இவர் அணைத்துவைத்திருந்தார். போதாக்குறைக்கு, "பின்னாளில் சேவை செய்ய வசதியாக" என்று சொல்லி என் ரவுட்டரில் அதே போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்தும் விட்டிருந்தார். உதவியாளரும் ஓபிஎஸ்ஸும் ஒரே கணினியில் இருக்கும்போது ரவுட்டரைத் தொடவே வேண்டியதில்லை.

இதன் விபரீதம் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வெப்சாக்கெட்டில் காட்சி மாற்ற ஓர் அனுமதி, ஒளிபரப்பை நிறுத்த வேறோர் அனுமதி என்ற பாகுபாடு கிடையாது. உள்ளே வந்தவருக்கு எல்லாம் திறந்த வீடு. ஒளிபரப்பு அமைப்பைக் கேட்டால் ஸ்ட்ரீம் கீயையும் சேர்த்துத் தந்துவிடும். அந்தக் கீ கையில் இருந்தால் என் சேனலில் யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். பழைய உரையாடலைத் திறந்தால், அவர் சோதித்துப் பார்த்த அன்று அந்தக் கீ முழுதாக, எழுத்துக்கு எழுத்து, திரையில் வந்திருக்கிறது.

"நாங்களே உருவாக்கியது" என்று அவர் பெருமையடித்த நிரலும் பொதுவெளியில் இலவசமாகக் கிடைப்பதுதான். 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை மற்ற மென்பொருள்களுடன் இணைக்கும் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையில் யாரோ எழுதிப் பகிர்ந்தது. இவர் பெயரை மாற்றி, உரிமக் குறிப்பை அழித்திருக்கிறார். நிறுவிக் கொடுத்ததற்குக் கூலி கேட்டிருந்தால் மனமுவந்து கொடுத்திருப்பேன்.

ஸ்ட்ரீம் கீயை மாற்றினேன். ரவுட்டரில் போர்ட்டை மூடினேன். கடவுச்சொல்லைப் புதிதாக உருவாக்கினேன். உதவியாளரிடம் இப்போது காட்சி மாற்றும் கருவியும் மைக்கை அடக்கும் கருவியும் மட்டுமே இருக்கின்றன. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை. என் செய்திகளுக்குப் பதிலும் இல்லை.

அவர் விட்டுச்சென்ற கோப்புறையில் கட்டமைப்புக் கோப்பின் பழைய பிரதி ஒன்று கிடந்தது. அதில் இருந்தது வேறொருவரின் இணைய முகவரியும் கடவுச்சொல்லும். எனக்கு முன் இவரிடம் மாட்டியவராக இருக்க வேண்டும். அதை அழித்துவிட்டேன். அவர் யாரென்று தெரியாததால்தான் இங்கே எழுதுகிறேன்: இப்படி யாரையாவது உங்கள் கணினிக்குள் விட்டிருந்தால், இன்றே கீயையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.