பங்கோரா, பினாங்கா, லங்காவியா? சுங்கை சிப்புட் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த முறை எந்தத் தீவு? கடலில் குளிப்பது மட்டுமே நோக்கமென்றால் பங்கோர், பினாங்கு, லங்காவி ஆகிய மூன்றில் எதற்குப் போனாலும் குறையில்லை. பிள்ளைகளுக்கு இயற்கையையும் வரலாற்றையும் நேரில் காட்ட விரும்பும் பெற்றோர்தான் சற்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இயற்கையை மட்டும் அளவுகோலாக வைத்தால் லங்காவிக்கு ஈடாக மற்ற இரண்டையும் சொல்ல முடியாது. 2007-ஆம் ஆண்டு சிறப்பான பாறைகளும் நில அமைப்பும் உள்ள இடங்களுக்கு யுனெஸ்கோ தரும் புவிப்பூங்கா என்னும் தகுதியை, தென்கிழக்காசியாவிலேயே முதலாவதாகப் பெற்ற தீவுக்கூட்டம் அது. மச்சின்சாங் மலையின் மணற்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் பழமையானவை. நம் நாட்டில் அறியப்பட்ட பாறைகளுள் மிகப் பழையவை. கேபிள் காரில் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே ஏறி, 125 மீட்டர் நீளமுள்ள வளைந்த தொங்குபாலத்தில் நிற்கும்போது, பாடநூலில் ஒரு வரியாகப் படித்த புவியியல் பிள்ளைகளின் கண்முன் மலையாக விரிகிறது. கிலிமில் சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் செல்வதும், கடலுக்கு மிக அருகிலிருந்தும் நன்னீராகவே இருக்கும் டாயாங் பூந்திங் ஏரியைப் பார்ப்பதும் அதற்கு இணையான அனுபவங்கள். படகோட்டிகள் சிலர் கழுகுகளுக்குக் கோழித்தோலை வீசிக் கூட்டம் சேர்ப்பதுண்டு. அது பறவைகளின் இயல்பான இரைதேடலைக் கெடுக்கும் என்பதால், வேண்டாமென்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் வரலாறு என்று வரும்போது அங்கே முதன்மையாகக் காட்டப்படுவது மசூரியின் கதை. பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பெண் ஏழு தலைமுறைக்குச் சாபமிட்டாள் என்னும் மரபுக்கதை மனத்தைத் தொடுவதே. எனினும் ஒரு முற்பகலில் பார்த்து முடித்துவிடலாம். பயணமும் நீண்டது. கோலக்கெடா படகுத்துறைக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார் ஓட்டி, பிறகு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் படகில் உட்கார வேண்டும். இரண்டு நாள் மட்டுமே விடுப்பு உள்ளவர்கள் அங்கே போனால், வரியில்லாக் கடைகளில் சாக்லேட்டும் பீங்கான் தட்டுகளும் வாங்குவதற்கே நேரம் சரியாகிவிடும்; மலையைப் பார்க்காமலே திரும்பியவர்கள் நம் ஊரில் பலர் இருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பினாங்கை நாம் நன்கு அறிவோம் என்று எண்ணுகிறோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவில் துணிமணி என்ற அளவிலேயே பலருடைய பினாங்கு முடிந்துவிடுகிறது. 2008-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் அதே தெருக்களில் 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொய்தீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், குவான் யின் கோயிலும், 1833-இலிருந்து இருக்கும் மகாமாரியம்மன் கோயிலும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடமாகக் கருதப்படும் கார்ன்வாலிஸ் கோட்டையும் பக்கத்தில்தான். இயற்கைக்குக் கொடிமலையும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் உண்டு. ஆனால் விடுமுறை நாளில் மலை ரயிலுக்கு நிற்கும் வரிசை முதியவர்களைச் சோர்வடையச் செய்யும்.

இவ்விரண்டையும் பாராட்டிய பின்பும், முதல் பயணம் பங்கோருக்கே என்பதுதான் என் உறுதியான கருத்து. பங்கோருக்குப் படகு புறப்படும் லூமுட் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரம். அங்கிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. தெலுக் காடோங்கில் உள்ள டச்சுக் கோட்டை அளவில் சிறியது, கூரையற்றது, ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடலாம் என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைப்பதற்காக 1670-இல் டச்சுக்காரர்கள் எழுப்பி, 1690-இல் உள்ளூர் மலாய்க்காரர்களின் தாக்குதலில் இழந்து, 1743-இல் மீண்டும் கட்டி, 1748-இல் கைவிட்ட அந்தச் சுவர்கள், நம் மாநிலத்தின் செல்வத்தின் மீது அந்நியர் கண் எவ்வளவு முன்பே விழுந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அருகிலுள்ள பெரும்பாறையில் குழந்தையைக் கவ்விய புலியின் உருவமும் 1743 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, 1874 ஜனவரி 20-இல் இத்தீவின் கடலில் நின்ற புளூட்டோ என்னும் கப்பலில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம். சுல்தானுக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடென்ட் பேராக்கில் நுழைந்தது அதனால்தான். முதலில் வந்த பிர்ச் மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பின்னர் ரெசிடென்டான ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒரு மரம், நமக்கு அடுத்த ஊரிலேயே, இன்றும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் சீவிய தோட்டங்களின் தொடக்கத்தைத் தேடும் குடும்பம், வரும் வழியில் கோலகங்சாரில் இறங்கி அந்த மரத்தையும் பார்த்துவிட்டால், பங்கோர்ப் பயணம் முழுமை பெறும்.

பங்கோரின் இயற்கை லங்காவியளவு பிரமாண்டமானதன்று. தெலுக் நிப்பாவில் மாலை நேரத்தில் இருவாச்சிப் பறவைகள் விடுதி வாசல்வரை வருவதும், கரையை ஒட்டியே தொடங்கும் காடும் இரண்டு நாளுக்குப் போதுமான நிறைவைத் தருபவை. கடற்கரையை நோக்கி நிற்கும் பத்ரகாளியம்மன் கோயிலின் மாசி மக விழா நாளில் சென்றால் தங்குமிடம் கிடைப்பது அரிது என்பதால், கோட்டையைக் காண விரும்புவோர் வேறு வாரத்தைத் தேர்ந்தெடுப்பதே ஏற்றது. காரை லூமுட்டிலேயே நிறுத்திவிட்டுச் சென்று, தீவில் ஓடும் இளஞ்சிவப்பு வாடகை வேன் ஒன்றை ஏறுமுன்பே கட்டணம் பேசிக்கொண்டால், முழங்கால் வலியுள்ள பாட்டியையும் கோட்டையின் அருகுவரை சிரமமின்றி அழைத்துச் செல்லலாம்.