சாமி இல்லாத குடிமீட்புக் கூட்டங்கள்: எது யாருக்கு?

குடியை விட நினைப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, தமிழிலும் கூட்டம் நடக்கிறது. ஆனால் குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரண்டு படிகளில் ஆறில் கடவுளோ 'நம்மைவிடப் பெரிய சக்தி'யோ வந்துவிடுகிறது. வாழ்க்கையையே கடவுளின் பொறுப்பில் விடச் சொல்கிறது மூன்றாம் படி. "உங்களுக்குப் புரிந்த கடவுள் போதும்" என்று தளர்த்திக் கொடுப்பார்கள். கறுப்புச் சட்டைக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

மாற்று அமைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தவை. நம்மூரில் இருப்பவருக்கு ஆன்லைனில், ஆங்கிலத்தில்தான் எளிதாகக் கிடைக்கும்.

இவற்றில் அதிகம் பரவியது 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வகுத்த உளச்சிகிச்சை முறைதான் அடித்தளம். ஒரு தாளில் நாலு கட்டம் போடச் சொல்வார்கள்: குடிப்பதால் கிடைப்பது, இழப்பது, விட்டால் கிடைப்பது, இழப்பது. முதல் கட்டத்தைக் கவனியுங்கள். குடியால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று குடிப்பவரிடம் நம்மூரில் யார் கேட்கிறார்கள்? இன்னொரு பயிற்சி, எண்ணத்தைப் பிரித்துப் பார்ப்பது. கல்யாண வீட்டில் மச்சான் "ஒரு கட்டிங்தானே மாப்ள" என்று நீட்டுகிறார். குடிக்க வைத்தது மச்சான் இல்லை, 'வேண்டாம் என்றால் நம்மை மதிக்க மாட்டார்கள்' என்ற நினைப்பு. அந்த நினைப்பைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்குகிறார்கள். "நான் குடிநோயாளி" என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. முழுசாக விடுவதா, குறைப்பதா என்று இன்னும் முடிவெடுக்காதவரும் வரலாம்.

குறை என்னவென்றால், சில சமயம் டியூஷன் மாதிரி இருக்கும். கூட்டத்தை நடத்துபவர் பயிற்சி பெற்றவர்தான், ஆனால் அவர் குடித்து மீண்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏஏ-வில் இருக்கும் ஸ்பான்சர், அதாவது ராத்திரி பதினொரு மணிக்குக் கைநடுங்கும்போது போன் போட ஒரு மூத்த உறுப்பினர், இங்கே கிடையாது. சிறிய விஷயமாகத் தெரியலாம், எனக்கு அப்படித் தெரியவில்லை.

லைஃப்ரிங் என்ற அமைப்பு வேறு மாதிரி. தாளும் கட்டமும் இல்லை. "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்பதுதான் கூட்டத்தின் மையம். ஒருவர் பேசியதும் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம். ஏஏ-வில் பெரும்பாலும் குறுக்கே பேசக் கூடாது. ஆனால் குறைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, முழுசாக நிறுத்துவதுதான். பேச ஆள் இல்லாமல் தவிப்பவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கூட்டங்கள் குறைவு என்பதுதான் தடை.

பெண்களுக்கென்று விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. சமூகவியலாளர் ஜீன் கிர்க்பாட்ரிக் 1975-இல் தொடங்கியது. படிகளுக்குப் பதில் பதின்மூன்று கூற்றுகள். ஏற்கெனவே குற்றவுணர்வில் நொறுங்கிக் கிடக்கும் பெண்ணிடம் ஏஏ-வின் முதல் படியைப் போல 'நீ குடியின் முன் சக்தியற்றவள், ஒப்புக்கொள்' என்பது எதற்கு உதவும் என்பதே அவர்களின் வாதம். நம் வீடுகளில் குடிக்கும் பெண் எவ்வளவு ரகசியமாக வாழ வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், ஆண்கள் இல்லாத கூட்டத்தின் அருமை புரியும்.

ஏஏ-வுக்குள்ளேயே கடவுள் மறுப்பாளர் குழுக்களும் உண்டு. சிகாகோவில் 1975 முதல் நடக்கின்றன. எல்லா இடத்திலும் வரவேற்பு இருந்தது என்று சொல்ல முடியாது. டொராண்டோவில் 2011-இல் இப்படிப்பட்ட இரண்டு குழுக்களை ஏஏ கூட்டங்களின் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். விவகாரம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், 2017-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

சரி, எது பலன் தருகிறது? ஆய்வுகள் ஏஏ பக்கம்தான் அதிகம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏஏ வழிமுறை மற்றச் சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல, பல நேரம் மேல் என்றது. மாற்று அமைப்புகளை நேரடியாக ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளியானது. எந்தக் குழுவானாலும் ஆழமாக ஈடுபட்டவர்களுக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். முழுசாக நிறுத்துவது என்ற உறுதி இருந்ததா என்பதுதான் முக்கிய வேறுபாடாக நின்றது.

ஆகவே நான் கொள்கையைவிட நேரத்தைப் பார்ப்பேன். அமெரிக்கக் கிழக்குக் கரையின் இரவு எட்டு மணிக் கூட்டம் நமக்கு விடியற்காலை 5.30, அங்கே குளிர்காலம் என்றால் 6.30. கடை கூப்பிடுவது சாயங்காலத்தில். அவர்களின் காலை ஒன்பது மணிக் கூட்டம்தான் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30-க்கு வரும், அதைத் தேடுங்கள். ஆங்கிலம் வராது என்றால், பக்கத்திலுள்ள தமிழ் ஏஏ கூட்டத்துக்கே போகலாம். உறுப்பினராக ஒரே தகுதி குடியை விடும் விருப்பம்தான். பிரார்த்தனையின்போது சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் எந்தக் கூட்டத்தையும் நம்பித் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். மருத்துவர் தரும் மாத்திரையை ஸ்மார்ட்டோ லைஃப்ரிங்கோ தடுப்பதில்லை. குடிப்பவர் எதற்கும் அசையவில்லை என்றால், ஸ்மார்ட் ரெகவரியில் குடும்பத்தாருக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறது; அவர் வராவிட்டாலும் மனைவியோ அம்மாவோ போகலாம்.