தக்காளி இலைக்கருகல்: நாலு வருஷமா மாடித்தோட்டத்துல நான் பார்த்தது

திருச்சியில மொட்டை மாடில 20 குரோ பேக்ல நாலு வருஷமா பிகேஎம் 1 தக்காளி வைக்கிறேன். முதல் வருஷம் ஐப்பசி மழை பிடிச்சதும் அடி இலைல பழுப்புப் புள்ளி வந்துச்சு, கிட்ட வச்சுப் பார்த்தா மரத்தை அறுத்தா தெரியுமே அந்த மாதிரி வளையம் வளையமா இருக்கும், சுத்தி மஞ்சள். சத்துக் குறைனு நெனச்சு உரம் போட்டுட்டே இருந்தேன், மூணு வாரத்துல காயோட செடி காஞ்சு நின்னுச்சு, மனசே விட்டுப்போச்சு.

அது பூஞ்சாணம். மண்ணுலயும் பழைய செடிக் குப்பையிலயும் கிடக்கும், மழைத் தண்ணி தெறிக்கும்போது அடி இலைல ஏறிடும். இது புரிஞ்சப்புறம்தான் உரத்தை விட்டுட்டு மண்ணைப் பார்க்க ஆரம்பிச்சேன். பை மேல ரெண்டு விரக்கடை வைக்கோல் மூடாக்கு, முதல் பூங்கொத்து வந்ததும் அதுக்குக் கீழ இருக்கிற இலையெல்லாம் வெட்டிடுவேன் (இலை ஈரமா இருக்கும்போது வெட்டவே கூடாது), தண்ணி காலைல வேர்ல மட்டும். தக்காளி வச்ச பையில அடுத்து கத்திரி, மிளகா வைக்கிறதில்ல, கீரைதான். பாதி நோய் இதுலயே நின்னுடுச்சுங்க.

விதைக்கு சூடோமோனாஸ் (பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பாக்டீரியாப் பொடி), கிலோவுக்கு 10 கிராம் கணக்கு, நமக்கு ஒரு சிட்டிகை போதும். நட்டப்புறம் லிட்டருக்கு 10 கிராம் கலந்து 15 நாளுக்கு ஒருக்கா சாயங்காலம் இலைக்கு அடியிலயும் படுற மாதிரி அடிப்பேன். புளிச்ச மோரும் ரெண்டு சீசன் அடிச்சுப் பார்த்தேன், புள்ளி வந்தப்புறம் அதால எனக்கு ஒண்ணும் நிக்கல.

மழை விடாம பெஞ்சா மட்டும் போர்டோ கலவை, அதாவது செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சாண மருந்து. 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர்ல, 10 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டர்ல, பிளாஸ்டிக் வாளிலதான் கரைக்கணும், துத்தத் தண்ணிய சுண்ணாம்புத் தண்ணில ஊத்திக் கலக்கணும். அப்புறம் பழைய இரும்புக் கத்திய ஒரு நிமிஷம் முக்கி எடுங்க, செம்பு நிறம் ஒட்டியிருந்தா சுண்ணாம்பு பத்தல, அப்படியே அடிச்சா இலை வெந்துடும். அன்னைக்கே அடிச்சு முடிச்சிடணும். சூடோமோனாஸோட சேர்த்து அடிக்காதீங்க, செம்பு அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்னுடும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிர்ல வர்றது வேற கருகல், இலை வெந்த மாதிரி ஆகி அடியில வெள்ளையா பூக்கும், சில நாள்லயே தோட்டம் பூரா பரவிடும். அதுக்கு யோசிக்காம செடியப் பிடுங்கிடணும், கம்போஸ்ட்ல போடவே கூடாது.

போன வருஷ மழைலயும் புள்ளி வந்துச்சு, இல்லைனு சொல்லமாட்டேன், ஆனா 20 பையில 3 செடிதான் போச்சு, மத்தது தை வரைக்கும் காய்ச்சுது.