ரெண்டு பவுன் செயினோட மாடி ஏறின கதை: ஒரு நகைக்கடன் கடை விமர்சனம்

பாம்பன்ல கருவாடு யாவாரம் பண்றேன். வீட்டுக்காரர் மண்டபத்துல விசைப்படகுக்குப் போறவர். ஏப்ரல் 15 ஆச்சுன்னா படகு கரையேறிடும். 61 நாள், ஜூன் 14 ராத்திரி வரைக்கும் அவருக்குப் பங்குக்காசு கிடையாது. எனக்கு நேர் எதிரு. வரத்து கொறைஞ்சாத்தான் கருவாட்டுக்கு விலை. தடைக்கு முன்னாடியே நெத்திலி, காரப்பொடி, வாளைன்னு மீனெல்லாம் வாங்கிக் காயப்போட்டு சாக்குல கட்டி வச்சிரணும். அதுக்கு மொத்தமா காசு வேணும். அது எங்க இருக்கு? கழுத்துல இருக்கு. பதினெட்டு வருஷமா ஏப்ரல்ல கழட்டி, செப்டம்பர்ல மாட்டுறேன்.

இந்த வருஷம் போனது ராமநாதபுரத்துல ஒரு தனியார் நகைக்கடன் கடை. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே போயிரலாம், மாடியில இருக்கு. பேரைப் போட மாட்டேன். எழுதப்போறதுல பாதி குறைதான், ஆனா செயின் அவங்க லாக்கர்ல இருக்கு.

போன வருஷக் கதையைச் சொன்னாத்தான் இந்த வருஷக் கவுண்டர் புரியும். 2025 ஏப்ரல் 6-ந்தேதி பிரதமர் வந்து புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்து வச்சார். மூணாவது நாள், 9-ந்தேதி, ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிமுறைன்னு ஒரு வரைவு போட்டுச்சு. 15-ந்தேதி தடை. பார்த்துக்கங்க, எங்க ஊர்ப் பொம்பளைங்க தாலிக்கொடி தவிர எல்லாத்தையும் அடகுக்கு எடுக்கிற வாரத்துல விதி மாறுதுன்னு சேதி. நகை மதிப்புல 75 சதவீதம்தான், அதுக்குள்ள வட்டியும் அடங்கணும், கடனைத் திருப்பிக் கட்ட வசதி இருக்கான்னு பார்க்கணும், நகை உன்னுதுதானான்னு பார்க்கணும். ராத்திரி எந்த சேனலைத் திருப்பினாலும் இதுதான் சண்டை. முதல்வர் ஸ்டாலின் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எடப்பாடி அறிக்கை விட்டார். மே 30-ந்தேதி நிதி அமைச்சகமே இறங்கி வந்து, ரெண்டு லட்சம் வரைக்கும் வாங்குற சின்னக் கடன்காரங்களை விட்டுடலாம்னு ரிசர்வ் வங்கிக்கு யோசனை சொல்லுச்சு. ஜூன் 6-ந்தேதி ரிசர்வ் வங்கி கவர்னர் மல்ஹோத்ரா முடிவைச் சொன்னார்: ரெண்டரை லட்சம் வரைக்கும் 85 சதவீதம், அதுக்கு மேல அஞ்சு லட்சம் வரைக்கும் 80, அதையும் தாண்டினா பழைய 75. ரெண்டரை லட்சம் வரைக்கும் உன் வருமானம் என்னன்னு நோண்ட வேணாம். 2026 ஏப்ரல் 1-க்குள்ள எல்லாரும் இதுக்கு மாறிடணும்.

அந்தச் சண்டையில எங்களை ரொம்பப் பயமுறுத்தினது நகைக்கு பில் வேணும்கிற பேச்சு. எங்க அம்மா சீட்டுப் போட்டு எடுத்த செயினுக்கு நான் பில்லுக்கு எங்க போவேன்? எங்க தெருவுல ஒரு பெரியம்மா பயந்துபோய் வளையலை வித்தே போட்டாங்க. அப்ப சவரன் 70 ஆயிரத்துப் பக்கம். டிசம்பர்ல லட்சத்தைத் தாண்டுச்சு. பில் இல்லாட்டி நகை எப்படி வந்ததுன்னு ஒரு உறுதிமொழி எழுதி வச்சுக்கலாம்னு அந்த முதல் வரைவுலயே இருந்துச்சுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. ராத்திரி ராத்திரி கத்தினவங்கள்ல ஒருத்தராவது அந்த வரியை நிறுத்திப் படிச்சுக் காட்டியிருந்தா பெரியம்மா கையில இன்னைக்கும் வளையல் கிடந்திருக்கும்.

சரி, கடைக்கு வர்றேன். ஏப்ரல் மொத வாரம், தேர்தல் நேரம். பெஞ்சுல எனக்கு முன்னாடி ஆறு பேர். கருப்பு சிவப்புக் கரை வேட்டியில ஒரு அண்ணே, பக்கத்துல இரட்டை இலை ஆளு, எதிர்ல செல்போனை நோண்டிக்கிட்டு ஒரு தம்பி. மூணு பேர் கையிலயும் ஆளுக்கொரு சின்னப் பை. சுவத்துல 85 சதவீதம்னு போர்டு. வேட்டிக்கார அண்ணே அதைக் காட்டி, "தளபதி லெட்டர் போடலைன்னா இது வந்திருக்குமா?"ன்னார். தம்பி தலையைத் தூக்காமலே, "அமைச்சகம் சொல்லித்தான் மாத்துனாங்க. மே 30 ட்வீட்டைப் பாருங்க, இருக்கு"ன்னான். இரட்டை இலை விடுமா? "2021-ல ஆறு பவுன் வரைக்கும் தள்ளுபடின்னு அறிவிச்சது யாரு? அஞ்சா கொறைச்சது யாரு?"

அதைக் கேட்டதும் எனக்கே சுருக்குன்னுச்சு. 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவிச்ச அதே நாள், எடப்பாடி கூட்டுறவு நகைக்கடன்ல ஆறு பவுன் வரைக்கும் தள்ளுபடின்னு சட்டசபையில சொன்னார். திமுக தேர்தல் அறிக்கையில அஞ்சு பவுன். ஜெயிச்சது திமுக, நவம்பர்ல அரசாணை வந்துச்சு, 40 கிராம் வரைக்கும். மொத்த எடை 40 கிராமைத் தாண்டினவங்களுக்குக் கிடையாது. நான் வச்சிருந்தது 41 கிராம் 600 மில்லி. மகளோட கம்மல் ஒரு ஜோடியைச் சேர்த்து வச்சதுதான் தப்பு. வாங்கினவங்க நிறையப் பேர் இருக்காங்க, என் நாத்தனாருக்கே கிடைச்சது, நல்லாயிருக்கட்டும். நான் அசலும் வட்டியும் முழுசாக் கட்டி மீட்டேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கண்ணாடிக்குப் பின்னாடியிருந்து, "அடுத்து யாரு, நகையை எடுங்க"ன்னு குரல். வேட்டிக்கார அண்ணே மோதிரத்தைக் கழட்ட சோப்புத் தண்ணி கேட்டார்.

இனி நல்லது. நகைக்கு மதிப்புப் போடுற அப்ரைசர் பெரியவர், எங்க ஊர்ப் பக்கத்து ஆசாரிதான். தராசு என்னைப் பார்த்துத் திரும்பியிருந்துச்சு. இது எனக்குப் புதுசு. பழைய இடங்கள்ல நகையை வாங்கிட்டு உள்ள போயிருவாங்க, வெளிய வரும்போது ஒரு நம்பரோட வருவாங்க. இவர் என் கண்ணு முன்னாடி உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டு, கோடு நிக்குதா கரையுதான்னு என்னையே பார்க்கச் சொன்னார். "21 கேரட்டுதான் நிக்குதும்மா, அந்தக் காலத்து வேலை"ன்னார். கொக்கியில அடைச்சிருந்த மெழுகுக்கு 400 மில்லி கழிச்சார். எதுக்குக் கழிச்சார்ங்கறது பேப்பர்லயும் இருந்துச்சு. ஒருகாலத்துல "அழுக்கு"ன்னு சொல்லி ரெண்டு கிராம் கழிச்ச இடத்துலயும் நான் வச்சிருக்கேன், அதனால இந்த 400 மில்லியை ரெண்டு தரம் படிச்சேன். மொத்த எடை, நிகர எடை, செயினோட போட்டோ, எல்லாம் ஒரே தாள்ல. விலை போட்டது 22 கேரட்டோட முப்பது நாள் சராசரி, இல்லைன்னா முந்தின நாள் விலை, ரெண்டுல எது கம்மியோ அது. ஒப்பந்தம் தமிழ்ல. இத்தனை வருஷத்துல நான் என்ன எழுத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்னு எனக்குத் தெரிஞ்சது இதுதான் மொத தரம். இதெல்லாமும் அதே ரிசர்வ் வங்கி விதியிலதான் வருது. பெஞ்சுல அந்த மூணு பேரும் அரைமணி நேரம் சண்டை போட்டாங்க, ஒருத்தர் வாயிலயும் தராசு வரல.

இனி அந்த 85. லட்ச ரூபாய் நகைன்னு வைங்க. மாசாமாசம் வட்டி கட்டுறேன்னா 85 ஆயிரம் முழுசாக் குடுப்பாங்க. இந்தக் கடையில ஒன்றரை வட்டி, மாசம் 1,275 கட்டணும். கடைசியில மொத்தமாக் கட்டுறேன்னா அசலும் ஒரு வருஷ வட்டியும் சேர்ந்து 85 ஆயிரத்துக்குள்ள நிக்கணும். அப்ப கையில வர்றது 72 ஆயிரம். மாச வட்டி சம்பளக்காரங்களுக்கு ஒத்துவரும். கடலுக்குப் போறவன் வீட்டுல ஒண்ணாந்தேதிக்கு என்ன மரியாதை இருக்கு? நான் மொத்தமாக் கட்டுற கணக்குலதான் எடுத்தேன், 1,30,000. அஞ்சு பவுன் வைக்கிற இடத்துல இந்தத் தரம் ரெண்டு பவுன் போதும்னு ஆச்சு. அது விலை ஏத்தத்தால வந்தது, அதுக்குப் போஸ்டர் அடிக்க எந்தக் கட்சியும் வரல.

குறைன்னா, மொதல்ல அந்த கவுண்டர் தம்பி. நல்ல பிள்ளைதான், ஆனா விடமாட்டேங்குறான். "அக்கா, இன்னும் பதினஞ்சாயிரம் வரும்க்கா, எடுத்துக்கங்க." வேணாம்பா. "அவசரத்துக்கு உதவும்க்கா." மூணு தரம். விலை இறங்கினா இடைவெளிக்குக் கட்டச் சொல்லி எனக்குத்தான் போன் வரும், அவனுக்கில்ல. முழுசா எடுத்தா, நகை மதிப்புக்கும் கடைசியில கட்டவேண்டியதுக்கும் நடுவுல 15 சதவீதம்தான் இருக்கு. அப்புறம் ஒரு இன்சூரன்ஸ் தாளைக் கடன் தாள்களுக்கு நடுவுல வச்சுக் கையெழுத்துக்கு நீட்டினான். "இது என்ன?"ன்னு கேட்டதும், "விருப்பம் இருந்தா மட்டும்க்கா"ன்னு உருவிக்கிட்டான். தமிழ்ல இருந்ததால கண்ணுல பட்டுச்சு.

ரொக்கமா 20,000 மட்டும்தான் தருவாங்க, மிச்சம் பேங்க் கணக்குக்கு. அது எல்லா ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் உள்ள வரம்புதான், கடை மேல தப்பில்ல. ஆனா கரையில மீன் ஏலம் எடுக்க ரொக்கம் வேணும், தேர்தல் நேரத்துல 50,000-க்கு மேல கையில இருந்தா பறக்கும் படை கேள்வி கேட்கும். நாப்பது, நாப்பது, முப்பதுன்னு மூணு தரம் எடுத்தேன், ஒவ்வொரு தரமும் அடகு ரசீதைச் சுருக்குப்பையில வச்சுக்கிட்டு. தடைக்கால நிவாரணம் 8,000 வரும். 5,000-ஆ இருந்தது, 2023 ஆகஸ்ட்டுல மண்டபம் மாநாட்டுல அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலின் கூட்டினார். அதை நம்பி எந்த ஏலக்காரரும் மீன் குடுக்கமாட்டார்.

நான் எதுக்கு இம்புட்டுத் துருவுறேன்னா, கொரோனா வருஷத்துல வேற ஒரு கடையில ஒரு பவுன் தோட்டை ஏலத்துல விட்டுட்டேன். நோட்டீஸ் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருச்சு. போய்க் கேட்டப்ப "முடிஞ்சு போச்சும்மா"ன்னாங்க. எம்புட்டுக்குப் போச்சு, கடன் போக மிச்சம் எங்கன்னு கேட்டா ஒரு மேனேஜர் இன்னொரு மேனேஜரைக் கை காட்டினார். இப்ப விதி என்னன்னு கவுண்டர்லயே கேட்டு எழுதி வாங்கினேன்: ஏலத்துக்கு முன்னாடி தகவல் தரணும், ரெண்டு பத்திரிகையில விளம்பரம், அதுல ஒண்ணு தமிழ்ல, நகையோட அன்னைய மதிப்புல 90 சதவீதத்துக்குக் கீழ ஆரம்ப விலை வைக்கக் கூடாது, மிச்சக் காசு ஏழு வேலை நாளுக்குள்ள என் கைக்கு வரணும். நான் முழுசாக் கட்டினப்புறம் நகையைத் தர ஏழு வேலை நாளைத் தாண்டினா, ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் எனக்குத் தரணும். இதை வாசிச்சுக் காட்டும்போது அந்தத் தம்பி குரல் கொஞ்சம் கம்மிப்போச்சு. செப்டம்பர்ல மீட்கும்போது பார்ப்போம்.

மார்க்கு போடச் சொன்னா அஞ்சுக்கு மூணரை. அப்ரைசர் பெரியவருக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு. போறவங்க பதினோரு மணிக்கு முன்னாடி போயிருங்க, அப்புறம் சர்வர் படுத்துக்கும். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா கீழ டீக்கடையில உட்கார வச்சிட்டு மேல போங்க, டோக்கன் போன்லயே வரும். டீ பரவாயில்ல. வடையைத் தொடாதீங்க.